ரொறொன்ரோ ஆளுநரின் திங்கட்கிழமை

ஓகஸ்ட் என்றதும் எனக்கு முதலில் நினைவில் வருவது, ஆறு மணித்தியாலம் மூடிக்கிடந்த காரிலிருந்து கிளம்பும் மட்டன் ரோல்ஸ் வாசம். ரொறொன்ரோவிலிருந்து சித்தப்பா வந்துவிட்டதை எங்கள் கோட்-டெ-நெய்ஜ் கட்டடத்தின் மூன்றாம் மாடிவரை அது அறிவித்துவிடும்.

மொன்றியலில் எங்களுக்கு அது முதல் கோடை. சென்ட் லோரன்டில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்து ஐந்து கிழமை. மூன்று மாதம் தாண்டினால்தான் "நிரந்தரம்". ஞாயிறு பின்னேரம் அவர் சேர்ட்டை அயர்ன் பண்ண எடுத்தபோது சித்தப்பா தடுத்தார்.

"நாளைக்குக் கவர்னற்றை நாள் அண்ணை. கனடா முழுக்கப் பூட்டு."

"ஆர் அந்தக் கவர்னர்?"

"ஆரெண்டால் என்ன? லீவு தந்தவன் நல்லவன்."

எங்களுக்கு நாலு வருடம் முந்திக் கனடா வந்தவர் சொன்னால் அது சட்டம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு, அப்பா சாரத்தோடு ரோல்ஸ் தின்றுகொண்டிருக்கையில், சுவர் டெலிபோன் அடித்தது. தொழிற்சாலை ஃபோர்மன், பிரெஞ்சில்.

வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் பதினொரு வயதான நான் ஒருத்திதான். தெரியும் என்றால், வகுப்பில் கழிவறைக்குப் போக அனுமதி கேட்குமளவுக்கு. அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஃபோர்மன் பார்க்கிறார் என்பதுபோல என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். கவர்னர், விடுமுறை, அப்பா என்று தெரிந்த மூன்று சொற்களையும் மாற்றி மாற்றி அடுக்கினேன். மறுமுனை எனக்கும் விளங்குமாறு நிதானமாகச் சொன்னது: அவர் பக்கத்து மாகாணத்து ஆளுநர், அதுவும் ஆங்கிலேயர், அவருக்காக இங்கே யாரும் வேலையை நிறுத்துவதில்லை, பத்து மணிக்குள் வந்தால் மன்னிப்பு.

சித்தப்பாவே காரில் கொண்டுபோய் விட்டார். வழி நெடுக அப்பா கேட்டது ஒன்றுதான்: "கனடா முழுக்க எண்டு உனக்கு ஆரடா சொன்னது?"

அந்த ஆளுநர் யாரென்ற அரிப்பு என்னை விடவில்லை. நூலகத்தில் துருவி, இருநூறு வருடம் முந்தி ரொறொன்ரோவைத் தொடக்கிவைத்தவர், நாலு வருடத்தில் சுகமில்லையென்று ஊருக்குத் திரும்பியவர் என்று பெரிய ஆராய்ச்சியாளர்போல வீட்டில் அறிவித்தேன்.

"நாலு வருசத்திலை விட்டிட்டுப் போனவனுக்கு ஒரு நாளே இருக்கு," என்றார் அப்பா. "எனக்கு ஒரு மணித்தியாலத்திலை போன் அடிச்சிட்டாங்கள்."

அவர் அங்கே இருபத்தாறு வருடம் வேலை செய்தார். ஓகஸ்ட் முதல் திங்களில் மட்டும் அரை மணித்தியாலம் முந்தியே போய்விடுவார்.

இன்று அந்தத் தொழிற்சாலை அடுக்குமாடி வீடாகிவிட்டது. சுவர் டெலிபோனும் இல்லை, ரோல்ஸோடு சித்தப்பா வருவதும் இல்லை. நான் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டிலிருந்தே ஒரு ரொறொன்ரோ கம்பனிக்கு வேலை செய்வதால், ஆளுநர்தான் கடைசியில் தன் லீவோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். போன ஓகஸ்டில், என்னோடிருக்கும் அப்பா, பத்து மணிக்கும் நான் கட்டிலில் கிடப்பதைக் கண்டு பதறிப்போய் எழுப்பினார்.

"இண்டைக்கு வேலை இல்லையோ?"

"லீவப்பா. கவர்னற்றை நாள்."

"ஆர் சொன்னது? ஒருக்கா எடுத்துக் கேள்."

கம்பனிக்குப் போன் எடுத்தேன். அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிமிர்ந்து நின்றார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை. அது தானாக ஓயும்வரை நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.