நாயாற்றில் காணாமற்போன நாலு இறாத்தல்

போன கிழமை எங்கள் ஆய்வுகூடத்தில், ஓடி முடித்த மரதன்காரி ஒருத்தி தராசில் ஏறித் தன் நிறை குறைந்திருப்பதைக் கண்டு திகைத்தாள். அவளுடைய நனைந்த சட்டையின் வியர்வை மணம் என்னை நாயாற்றுக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. விளையாட்டு வீரர்களின் உணவை ஆராய்கிறவள் நான். ஆனால் அந்த வேலையை எந்த மைதானத்திலும் தொடங்கவில்லை என்றால் நம்புவீர்களோ தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில், எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிப்பது என் முதல் உத்தியோகம். 'சாப்பாட்டு மிஸ்' என்பார்கள். முத்தையா ஒரே மாதத்தில் இரண்டாம் தடவையாகக் கால் தசை இழுத்து, மயங்கி, அங்கே வந்து படுத்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறி, நாயாற்றில் கரைவலை இழுப்பவர்; கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வேலை. நான் பெரிய மேதாவிபோல, "பாலும் முட்டையும் சாப்பிடுங்கோ" என்றேன்.

"கடல்ல மீனுதான் மிஸ் வரும்" என்றார்.

அவர் மனைவி லெட்சுமி சிரிக்கவில்லை. "இன்னொருக்கா விழுந்தா வேலைக்கு வரவேணாம்னு சம்மாட்டி சொல்லிட்டாரு" என்றாள். வலையின் சொந்தக்காரரைத்தான் அங்கே சம்மாட்டி என்பார்கள்.

முத்தையா வேலைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, இழுக்கும்போது அவர் உடம்பில் என்ன குறைகிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரித் தராசை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். கரையில் வலை இழுக்கிறவர்களின் பகிடி இன்னும் பெரியது.

"எங்கள நிறுத்து விக்கப் போறீங்களா மிஸ்?"

வலை இழுக்கமுன் ஒரு தடவை, இழுத்த பின் ஒரு தடவை நிறுத்தேன். முத்தையாவில் நாலு இறாத்தல், கிட்டத்தட்ட இரண்டு கிலோ, குறைந்திருந்தது. தராசு பழுதென்று நினைத்து நானே ஏறிப் பார்த்தேன், பழுதில்லை. விடியற்காலை பாலில்லாத ஒரு பிளேன்ரீயோடு கயிற்றைப் பிடித்தால், வெயில் ஏறி வலை கரைக்கு வரும்வரை அவர்கள் வாயில் ஒரு சொட்டும் படுவதில்லை. நாலு இறாத்தலும் வியர்வையாக மணலுக்குள் போயிருந்தது.

சம்மாட்டியிடம் சொன்னேன். "தண்ணி குடிக்கவெண்டு கயித்தை விட்டா வலை என்ன செய்யும், பிள்ளை?" என்றார். பக்கத்தில் நின்ற லெட்சுமிதான் பதில் சொன்னாள்.

"கயித்த விடவேணாம் ஐயா. நான் வாயில ஊத்துறேன்."

அடுத்த நாளே வாளி நிறைய, உப்பும் தேசிக்காய்ப் புளியும் கலந்த கஞ்சித்தண்ணீரோடு வந்தாள். சேர்ந்து பாடியபடி பின்னோக்கி நடந்து இழுக்கிறவர்களோடு தானும் நடந்து, ஆளுக்கு ஒரு குவளையாக ஊற்றினாள். நான் பின்னால் கொப்பியும் பென்சிலுமாக ஓடி, இரண்டு தடவை மணலில் விழுந்தேன். அந்தப் பருவம் முடியும்வரை முத்தையா விழவில்லை.

என் கொப்பியைப் புரட்டிய டொக்டர், "வெளிநாட்டில ஓட்டக்காரருக்கு இதைத்தான் செய்து பாக்கினம். நீர் ஏன் இதைப் படிக்கக்கூடாது?" என்றார். அன்று பின்னேரமே விண்ணப்பத்துக்கு எழுதிப் போட்டேன்.

நெடுங்காலம் கழித்து நாயாற்றுக்குப் போனேன். முத்தையா குடும்பம் எங்கே என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. கரைவலையை உழவு இயந்திரம் இழுத்துக்கொண்டிருந்தது. மீனைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "நல்லதுதானே, ஆம்பிளையளின்ர கை தப்பிச்சுது" என்றாள்.

உண்மைதான். ஆனாலும் இழுக்கிறவர்கள் சேர்ந்து பாடும் அந்தப் பாட்டு எங்காவது கேட்குமா என்று, வலை கரை சேரும்வரை நின்றேன்.