பாதிக் கிராப்பு

வலது காதுக்கு மேலே சுத்தமாக ஒட்ட வெட்டியாயிற்று. இடது பக்கம் இன்னும் கை வைக்கவில்லை. வைசன் மெஷினை நிறுத்தி, பையனின் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாசலில் உதறினார்.

"எந்திரி தம்பி."

"அண்ணே, பாதிதான் ஆயிருக்கு!"

"மீதிப் பாதி, உள்ளே போய் அவ எப்படியிருக்கான்னு கேட்டுட்டு வந்தப்புறம்."

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். லிம்பானி என்ற அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கண்ணாடியில் தன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் தரிசு, ஒரு பக்கம் காடு.

"அவகூட அவ சித்தி இருக்காங்கண்ணே. நீ வெளியில இருடான்னு என்னைத் துரத்திவிட்டதே அவங்கதான்."

"சித்தியா பெத்துக்கப் போறாங்க? போடா. பிரசவ வார்டுக்குப் பின்பக்கம் ஜன்னல் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடு. நர்சம்மா கத்தும். கத்தட்டும்."

பையன் தலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டு சாலையைக் கடந்தான்.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த கூத்து. மாவட்ட ஆஸ்பத்திரியின் வாசலுக்கு நேர் எதிரே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் வைசனின் கடை. சுவரில் நான்கு தலைகள் வரைந்திருக்கும். நான்கும் ஒரே ஆள் மாதிரி இருக்கும். மூலையில் ஊர்க்காரர்களின் செல்போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மற்ற எல்லோருக்கும் அவர் முழுத் தலையையும் வெட்டிவிடுகிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடிக்குள் தெரியும் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு மட்டும் பாதிதான். பெண்டாட்டியை உள்ளே விட்டுவிட்டுப் பொழுது போகாமல் வந்து உட்கார்ந்தவன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கேட்கக்கூட மாட்டார்.

சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனதுண்டு. அந்தக் கடைக்காரர் "இது வைசன் தலை, நான் தொட மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிரசவத்துக்கு வருகிற பெண் கருப்பு பிளாஸ்டிக் விரிப்பும், துணிகளும், தொப்புள்கொடி அறுக்க உறை பிரிக்காத பிளேடு ஒன்றும் கொண்டுவர வேண்டும். பிளேடை மறந்துவிட்டு ஓடிவருகிற புருஷன்களுக்கு வைசன் டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். காசு வாங்க மாட்டார். "பிளேடை ஞாபகம் வச்சுக்க முடியாதவன் அவளை எப்படிடா ஞாபகம் வச்சுக்குவே" என்று ஒரு திட்டு மட்டும் கூடவே வரும்.

சைக்கிள் டாக்சி ஓட்டும் லாக்சன் பெஞ்சில் உட்கார்ந்து சீண்டுவார். "எல்லாப் புருஷனுக்கும் பொண்டாட்டி மருந்து வைப்பா. இந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியே சேர்ந்து மருந்து வச்சிருக்கு." வைசன் சிரிக்க மாட்டார். சீப்பைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

அவருடைய கதையை அவர் ஒரே மூச்சில் எனக்குச் சொன்னதில்லை. பல வருடங்களில், பல கிராப்புகளுக்கு நடுவே, துண்டு துண்டாகச் சொன்னார். என் மோவாயை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வைசனும் அப்படித்தான் ஃபலேசியின் கிராமத்துக்குப் போனார். வீட்டோடு மாப்பிள்ளை. பிறக்கிற பிள்ளைக்கு அவள் அண்ணன்மார்தான் பெரியவர்கள், இவர் வந்தவர். கடைத்தெரு மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு முடி வெட்டினார். ஊரான் என்ன சொல்வானோ என்கிற பயம் அந்த வயதில் அவருக்கு நிறைய இருந்தது.

ஃபலேசி முதல் பிள்ளை உண்டானபோது கிளினிக்குக்குக் கூட வரச்சொன்னாள். புருஷனோடு வந்தால் வரிசையில் முதலில் கூப்பிடுவார்கள். ஒரு தடவை போனார். பெண்கள் நிறைந்த பெஞ்சில் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இதே லாக்சன் சைக்கிளில் யாரையோ இறக்கிவிட வந்து பார்த்துவிட்டார். மறுநாள் கடைத்தெருவே கேட்டது. "என்ன வைசா, உனக்கு எத்தனையாவது மாசம்? சாம்பல் துன்னத் தோணுதா?" "களியில என்னத்தையோ கலந்து போட்டுட்டாப்பா அவ. இனிமே இவன் எழுந்திருக்க மாட்டான்."

அதோடு சரி. அவர் பிறகு போகவில்லை.

ஏழாம் மாதம் ஃபலேசியின் கால்கள் வீங்கின. தலை வலிக்கிறது என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். "அது பொம்பளைங்க விஷயம், உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார் வைசன். கிளினிக்கில் பிரஷர் அதிகம் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கான விடுதியில் உடனே சேரச் சொன்னார்கள். துணைக்கு ஒருவர் கூடவே தங்க வேண்டும். விடுதிக்குப் பின்னால் அடுப்பு மூட்டி அவளுக்குச் சமைத்துப்போட வேண்டும். மாமியார் காய்ச்சலில் படுத்திருந்தார். அக்கா புகையிலை வேலைக்கு வெளியூர் போயிருந்தாள். திரும்பி வர இரண்டு வாரம் ஆகும்.

"அப்ப நீயே வாயேன்" என்றாள் ஃபலேசி.

அங்கே அடுப்படியில் எல்லாரும் பெண்கள். நடுவில் ஒற்றை ஆணாகப் பானையும் களி கிண்டும் துடுப்பும் வைத்துக்கொண்டு நிற்கும் தன்னை வைசன் நினைத்துப் பார்த்தார். லாக்சனின் முகத்தையும் நினைத்துப் பார்த்தார்.

"என்னைப் பானை தூக்க வைக்கப் போறியா? உங்கக்கா வரட்டும்."

"அவ்வளவுதான் வாத்தியாரே நான் சொன்னது" என்றார் வைசன், என் பிடரியில் மெஷினை ஓட்டிக்கொண்டே. "அடிக்கல, திட்டல. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. அவளும் சரின்னு போய் மக்காச்சோளம் உதிர்க்க உட்கார்ந்துட்டா."

அக்கா வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். புகையிலை ஏற்றிப்போன லாரியை வழிமறித்து, மூட்டைகள்மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வைசன் லாரியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் "அக்கா வந்துட்டா, அக்கா வந்துட்டா" என்று பொய் சொல்லிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஃபலேசி பிழைத்தாள். ஆண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது.

மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தையை எங்கள் பக்கத்தில் பெண்கள் மட்டுமே எடுத்துப்போய்ப் புதைப்பார்கள். ஒப்பாரி கிடையாது. ஆண்கள் போகக்கூடாது. ஆஸ்பத்திரி முற்றத்தில் அவர் நின்றிருந்தபோது நான்கு பெண்கள் ஒரு துணிப் பொட்டலத்தோடு அவரைக் கடந்து போனார்கள். அது என்னவென்று அவர்கள் தாண்டிப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சில வாரங்கள் கழித்து மாமியாரிடம் கேட்டார். "அத்தை, எங்க வச்சீங்க? இடத்தை மட்டும் சொல்லுங்க."

கிழவி சண்டைக்காரி இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அது பொம்பளைங்க விஷயம் மாப்பிள்ளை."

அதன் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. கிராமத்துக்குப் பின்னால், ஊர் இடுகாடாக இருக்கும் அத்தி மரத்தோப்பைக் கடக்கும்போதெல்லாம் காலைப் பார்த்துப் பார்த்து வைப்பாராம். "எங்கேன்னு தெரியாதே வாத்தியாரே. மிதிச்சுடக் கூடாதுல்ல."

ஃபலேசி அவரை விட்டுப் போகவில்லை. சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கோழி வளர்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தன் உடம்பைப் பற்றி மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டாவது தடவை உண்டானதை அவர் பக்கத்து வீட்டுக்காரி வாயால் தெரிந்துகொண்டார். விடுதிக்குக் கிளம்பும் நாளன்று பானையைத் தானே எடுத்து வாசலில் வைத்துவிட்டு நின்றார்.

"நான் வரேன். நான் சமைக்கிறேன்."

"வேணாம், அக்கா வரா" என்றாள் ஃபலேசி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பானையை வாங்கி அக்காவிடம் கொடுத்தாள்.

வைசன் நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். உள்ளே இடமில்லை என்று ஆகிவிட்டதால் வாசலுக்கு எதிரே போட்டார். போகிற வருகிறவர்களுக்கு முடி வெட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். பெண் குழந்தை பிறந்த செய்தியை, வாசலில் தக்காளி விற்றவள் கூப்பிட்டுச் சொன்னாள். தமாண்டா என்று பெயர் வைத்தார்கள். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நாற்காலிக்கு மேலே பிறகு கூரை வந்தது, கண்ணாடி வந்தது, பெஞ்சு வந்தது. ஃபலேசியும் மகளும் ஊரின் மேற்குப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து அவரோடு இருக்கிறார்கள்.

லிம்பானி அன்று ஒரு மணி நேரத்தில் ஓடி வந்தான். தலையை மறைக்கக்கூட மறந்திருந்தான்.

"என்னைப் பார்த்ததும் சிரிச்சுட்டா அண்ணே! வலியில முனகிட்டிருந்தவ, யாருடா உன் தலையை இப்படிப் பண்ணதுன்னு கேட்டுச் சிரிச்சா. அப்புறம் அழுதா. அவ அம்மா பிரசவத்துல செத்தவங்களாம். காய்ச்சல்ல செத்தாங்கன்னுதான் என்கிட்டச் சொல்லியிருந்தாங்க. ஒன்பது மாசமா அந்தப் பயத்தை வச்சுக்கிட்டே என் பக்கத்துல படுத்திருந்திருக்கா. எனக்குத் தெரியவே தெரியாது."

"இப்ப எப்படியிருக்கா?"

"ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்தம் கொடுக்க ஆள் வேணுமாம். உறவுக்காரங்க யாரும் இல்லையான்னு நர்சம்மா தேடிட்டிருந்திருக்கு. நான் கொடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இங்க எதுக்குடா வந்தே?"

"தலை..."

"தலை எங்கயும் ஓடிப்போயிடாது. போடா!"

பெஞ்சில் இருந்த லாக்சன் சிரிக்கவில்லை. எழுந்து பையனை சைக்கிளின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். சாலையைக் கடந்தால் ஆஸ்பத்திரி. ஆனாலும் மிதித்தார்.

நான்கு நாள் கழித்து நான் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது லிம்பானி நாற்காலியில் இருந்தான். காடும் தரிசுமாகவே நான்கு நாள் ஆஸ்பத்திரியில் திரிந்திருக்கிறான். அவன் மனைவி சியோனேயும் பெண் குழந்தையும் நலம். வைசன் இடது பக்கத்தை ஆரம்பித்திருந்தார்.

ஃபலேசி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். களியும் கீரையும் வறுத்த சின்ன மீனும். நாற்காலியில் இருப்பவன் யாரென்று தெரிந்ததும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தாள்.

"பால் வருதா?"

"வருதுக்கா."

"தையல் வலிக்குதுன்னு சொல்றாளா?"

"சொல்றாக்கா. திரும்பிப் படுக்க முடியல."

"தண்ணிக் குடம் தூக்கவிடாதே. நீ தூக்கு. ராத்திரி குழந்தை அழுதா நீயும் எந்திரி. சும்மா எந்திரிச்சு உட்கார்ந்தாக்கூடப் போதும்."

"சரிக்கா. வைசன் அண்ணன்தான்க்கா என்னை உள்ளே அனுப்பினாரு. இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

ஃபலேசி புருஷனை ஒருமுறை பார்த்தாள். "ஆமா. இவருக்கு மத்தவங்க பொண்டாட்டி கஷ்டம்னா நல்லாத் தெரியும்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. மேட்டில் ஏறி நடந்து வந்த களைப்பில் ஃபலேசி சுவரில் தலையைச் சாய்த்தாள். சற்று நேரத்தில் கண்கள் மூடிக்கொண்டன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வைசன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தி, டிராயரைச் சத்தமில்லாமல் இழுத்து, விரல்களால் அழுத்தி வெட்டும் பழைய கைமெஷினை எடுத்தார்.

"கரண்டு போயிடுச்சாண்ணே?" என்றான் லிம்பானி.

பக்கத்துக் கடை ரேடியோ முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. வைசன் எட்டி, அந்தப் பக்கத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"ஆமா, போயிடுச்சு" என்றார், தாழ்ந்த குரலில்.