நடுவில் வரும் பந்து

அந்த டென்னிஸ் கிளப்பில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முந்திரி என்றுதான் சொல்வார்கள். முந்திரிக்கொட்டை என்பதன் சுருக்கம். எதிரில் இருப்பவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். கதவு முழுசாகத் திறப்பதற்குள் உள்ளே ஒரு காலை வைத்துவிடுவார். டபுள்ஸ் ஆட்டத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு வரும் பந்தைக் குறுக்கே பாய்ந்து தானே அடித்துவிடுவார். பேர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

உத்தியோகம் லிஃப்ட் பரிசோதனை. அடுக்குமாடிக் கட்டிடங்களில் கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரால் லிஃப்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. எட்டாவது மாடியானாலும் படியேறிப் போய்விடுவார். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் அடுத்த மாடியில் இருப்பார். வீட்டிலும் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பார். சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கடியில் கால் ஆடும், மேசைமேல் டம்ளரில் தண்ணீர் ஆடும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க’ என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறாள். நாற்பது பேரும் கேட்கிறார்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஆள்தான் கேட்பதில்லை.

இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக ஜோடியாக ஆடுகிறார்கள். வாரத்தில் மற்ற நாட்களில் அவளுக்கு ஷிப்ட், இவருக்கு ஊர் சுற்றல். ஒருவர் வீட்டுக்குள் வரும்போது இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கோர்ட்டில்தான் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வது. அந்த இரண்டு மணி நேரம் இருப்பதால்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது என்று முந்திரி உள்ளூர நம்பினார். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும், அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாவகாசமாகக் கேட்டாள்.

“இன்னிக்கு நான் எத்தனை பந்து அடிச்சேன் தெரியுமா?”

“ஏன், நல்லாத்தானே அடிச்சே. அந்தக் கடைசி...”

“எண்ணிக்கிட்டே இருந்தேன். சர்வீஸ் போட்டதையும் எடுத்ததையும் விட்டா, ஒரு செட்டுக்கு மூணு. மீதியெல்லாம் நீங்க.”

“வந்த பந்தை விடச் சொல்றியா?”

“எனக்கு வந்த பந்தை விடச் சொல்றேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “நம்ம கிளப்புல ஆடற பல் டாக்டர் கேட்டிருக்காரு. அவரோட ஆடினவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்களாம். அடுத்த சீசன் நான் அவரோட ஆடறேனான்னு கேட்டாரு. ரெண்டு மாசத்துல கிளப் போட்டி வருதில்ல? அதுல என் பந்து ஒண்ணே ஒண்ணு நீங்க எடுத்தாலும், நான் டாக்டரோட போறேன்.”

அடுத்த சிக்னலில் வந்து நின்ற முந்திரி, பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்காமல் இருந்தார். பின்னால் இருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். முந்திரிக்குப் பின்னால் நின்று ஒருவர் ஹாரன் அடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் கிளப் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. வார இறுதியில் டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு, வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். உடம்பு சொன்னபடி கேட்டால் மனசும் கேட்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு பேர் பேரையும் எழுதிவிட்டு வந்தார். மனைவியைக் கேட்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் வந்தாள்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த நீளக் கூடத்தில். காலை ஆறு மணிக்கே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். வந்திருந்த பத்துப் பேரும் கையில் டென்னிஸ் மட்டையோடு வந்திருந்தார்கள். கோச் முப்பது வயதுப் பெண், தடை தாண்டி ஓடியவள், கழுத்தில் விசில். மட்டைகளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

“எட்டு வாரத்துக்கு இது வேண்டாம். எல்லாத்தையும் வெளிய வைங்க.”

வைத்தார்கள். அதற்கப்புறம் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பல் டாக்டர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மட்டைகள் சாய்ந்திருந்த சுவரையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பரீட்சை, தரையில் ஒட்டியிருந்த நாடாவரை ஓடிப்போய் அதன்மேல் நிற்பது. முந்திரி விசில் சத்தம் முடிவதற்குள் புறப்பட்டார், எல்லாருக்கும் முந்திப் போனார், நாடாவைத் தாண்டினார், அதற்கும் அப்பால் அடுக்கி வைத்திருந்த பாய்களில் போய் விழுந்தார்.

“சார், நீங்க ஓடறதுல ஒரு குறையும் இல்ல,” என்றாள் கோச். “நிக்கறதுலதான். ஆக்சிலரேட்டர் இருக்கு, பிரேக் இல்ல.”

“ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் பிரேக் பாக்கறவரு இவரு,” என்றாள் மனைவி. கூடம் முழுக்கச் சிரித்தது. கீழே டயர் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

அடுத்தது ஒற்றைக் காலில் ஒரு நிமிஷம் நிற்பது. மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி நின்றாள். முந்திரிக்குப் பதினோரு விநாடிதான் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு அதே வேலையாகிவிட்டது. பல் தேய்க்கும்போது நின்றார், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்வரை நின்றார். வேலைக்குப் போன இடத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக லிஃப்ட் வரும்வரை காத்திருந்தார், அதுவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. காவலாளி பக்கத்தில் வந்து, “சார், சுளுக்கா?” என்று விசாரித்தார். நிற்கிற நேரமெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். போ, போ, பிந்திவிடும் என்று. எதற்குப் பிந்திவிடும் என்று அவருக்கே தெரியாது.

ஐந்தாவது வாரம் கோச் ரப்பர் பட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒருவர் இடுப்பில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பாய வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் மனைவி பிடித்தாள். விசிலுக்கு முன்னாலேயே முந்திரி பாய்ந்ததில் அவள் சறுக்கிக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்துங்க,” என்றாள் கோச்.

மனைவியைப் பிடிப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்துவிடப் போகிறது என்று நினைத்து, பட்டையை லேசாகத்தான் பிடித்துக்கொண்டார். விசில் அடித்தது. அவள் இழுத்த இழுப்பில் அவர் தோள்பட்டை கழன்று வந்துவிடும் போலிருந்தது. இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். அவள் தாழக் குனிந்து, இடது காலை முதலில் வைத்து, விருட்டென்று கிளம்பினாள். திரும்ப வந்து மறுபடி கிளம்பினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஓடுவதை அவர் பின்னாலிருந்து பார்த்ததே கிடையாது. அவள் கிளம்பும்போதெல்லாம் அவர் அதற்கு முன்னாலேயே அவளுக்கு எதிரில் போய் நின்றிருப்பார்.

முந்திரிக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஓடக்கூடியவளை இத்தனை வருஷமாகக் கோர்ட்டின் ஓரத்தில் தூண் மாதிரி நிறுத்தி வைத்திருந்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. பட்டை கையில் தடம் போட்டிருந்தது. அதைத் தடவிக்கொண்டே, இனிமேல் அவள் பந்தைத் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்தார்.

போட்டி நாளும் வந்தது. முதல் சுற்றில் எதிரே ஒரு அப்பாவும் மகளும். முந்திரி தன் பாதியில் நின்றார். நிற்பதற்கு இவ்வளவு வேர்க்கும் என்று அவருக்குத் தெரியாது. மனைவி பக்கம் போன பந்தையெல்லாம் அவளே ஓடி எடுத்தாள். சிலது நெட்டில் விழுந்தது. சிலதை அந்த அப்பாவின் காலடியில் போட்டாள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். வேலியோரம் பல் டாக்டர்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு தடவையும் முந்திரியின் கால் துடித்தது, ஒவ்வொரு தடவையும் அடக்கினார். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில், இன்னும் ஒரு பாயிண்ட் போனால் தோல்வி என்ற நிலைமைக்கு வந்து நின்றது.

அப்பா ஓங்கி அடித்தார். பந்து நேராக நடுவில் வந்தது, நடுக்கோட்டிலிருந்து ஒரு அடி மனைவி பக்கம். சந்தேகமே இல்லை, அவள் பந்து. முந்திரிக்குக் கை பரபரத்தது, குதிகால் தரையை விட்டு எழும்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பந்து தரையில் பட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் பின்வேலியில் இடித்தது.

திரும்பிப் பார்த்தார். அவளும் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டு.

“ஏன் நின்னுட்டே?”

“நீங்க வருவீங்கன்னு.”

“நான்தான் வரமாட்டேனே! இதுக்காகத்தானே ரெண்டு மாசமா உயிரை விட்டேன்!”

“தெரியும்.” அவள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “தெரிஞ்சும் காலு போகலை.”

எதிரணியோடு கை குலுக்கிவிட்டு வேலிப் பக்கம் வந்தார்கள். டாக்டர் ஆறுதலாக என்னவோ சொல்ல வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

“டாக்டர், அடுத்த சீசன் நான் உங்களோட ஆடறேன்.”

முந்திரி இருவருக்கும் குறுக்கே வந்து நின்றார்.

“நான் ஒரு பந்துகூட எடுக்கலையே! நீயே சொல்லு, ஒண்ணு எடுத்தேனா?”

“எடுக்கலீங்க,” என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பார். “ஒண்ணுகூட எடுக்கலை. அதனாலதான் தெரிஞ்சுது. நடுவுல வர்ற பந்து உங்களுதுன்னு என் காலு பழகிப்போச்சு. நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் அது போகாது. வேற யாராவது பக்கத்துல நின்னாத்தான் போகும்.”

நிற்கக் கற்றுக்கொண்டது அவர். அதனால் அவளை இழப்பதும் அவர். இது என்ன நியாயம் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். ரப்பர் பட்டையைப் பிடித்த கைக்கு அது தெரியும்.

டாக்டர் தர்மசங்கடமாக இருவரையும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். “அப்போ பயிற்சி எப்ப வெச்சுக்கலாம் மேடம்? சனிக்கிழமை சாயந்தரம் கோர்ட் கிடைக்கும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை காலையில...”

சனிக்கிழமை என்ற வார்த்தை முந்திரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளைப் பார்த்தார். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, அவள் யோசித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமையே வெச்சுக்கலாம் டாக்டர்,” என்றாள். “எனக்குக் காலையிலதான் நல்லா ஓட வருது.”