யார் பார்த்தது என்று கேட்டவர்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர் சிலருக்கு நான் எழுதுவது கசக்கும். கசக்கட்டும்.

அப்பா சித்தையன்கோட்டையில் விவசாயக் குடும்பத்தின் இளைய மகனாகப் பிறந்தார். சென்னையில் அரைவயிற்றோடு சட்டம் படித்துத் திண்டுக்கல்லில் வழக்கறிஞரானார்.

பத்தாண்டுகளுக்கு முன் பெரியப்பாவின் வைக்கோல் படப்பு எரிந்தது. அவரிடம் வேலை பார்த்து நின்றுவிட்ட பண்ணையாள் மீது பழி விழுந்தது. அந்த ஏழைக்காக வாதாட எவரும் முன்வரவில்லை. அப்பா முன்வந்தார். விசாரணையன்று நானும் நீதிமன்றத்தில் இருந்தேன்.

சாட்சிக் கூண்டில் நின்ற தம் அண்ணனை அப்பா கேட்டார்: "இவர் தீ வச்சதைப் பாத்தீங்களா?"

"ஊரே சொல்லுது."

"ஊரை விடுங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாத்த ஒரு ஆளைச் சொல்லுங்க."

"அப்படி யாருமில்ல" என்றார் பெரியப்பா.

பண்ணையாள் காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீசார் சொன்னார்கள். போலீசாரிடம் சொன்ன ஒப்புதலைச் சட்டம் சாட்சியமாக ஏற்காது என்று அப்பா எழுந்து மறுத்தார். மாஜிஸ்திரேட்டும் அதை ஏற்றார். பண்ணையாள் விடுதலையானார்.

வெளியே வந்ததும் பெரியப்பா கத்தினார்: "ஏலே, கூடப் பொறந்தவனையே நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டியே!"

"பாக்காததப் பாத்தேன்னு நீங்க பொய் சொல்லலண்ணே. எனக்கு அது பெருமைதான்."

ஒரே வாரத்தில், தீ வைக்கச் சொன்னதே அப்பாதான் என்று உறவுக்குள் பேச்சு பரவியது. யார் பார்த்தது? ஒருவருமில்லை. ஆனாலும் விசேஷ வீடுகளில் அப்பாவின் பக்கத்தில் உட்கார ஆளில்லை. வடமதுரையில் எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது.

"ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லுங்கப்பா" என்று அழுதேன்.

"செய்யலன்னு நான் எப்படிம்மா காட்டுவேன்? செஞ்சேன்னு சொன்னவங்கதான் காட்டணும்" என்றார். எவரும் காட்டவில்லை. பேசுவதை நிறுத்தவும் இல்லை.

நெஞ்சுவலியோடு படுத்திருந்த கடைசி மாதத்தில் "அண்ணன் வந்தாரா?" என்று தினமும் கேட்டார். மூன்று முறை ஆள் அனுப்பினோம். பெரியப்பா வரவில்லை. அப்பாவின் உயிர் பிரிந்த பிறகு மாலையோடு வந்தார். "நாங்க ஒருநாளும் பிரிஞ்சதில்ல" என்று வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். என் காதால் கேட்டேன்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பாடையைச் சுமந்த வழக்கறிஞர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற வாரம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒங்கப்பன் என்னைய மன்னிச்சிட்டேன்னு சொன்னானாம்மா?" என்று கேட்டார்.

அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. அதையே அவரிடம் சொன்னேன்.

— மகள்