படத்துக்கு வைத்த பெயர்

கன்னிகாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கமாட்டாள். அந்தக் கடையைத் தேடுகிறவன் போனில் எப்படித் தப்பாக எழுதுவான் என்று யோசிப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "புத்தூர் கட்டுன்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு டி போடுவானா, ரெண்டு டி போடுவானா, சொல்லு" என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். கை முறிந்தவன் எழுத்தை எண்ணிக்கொண்டிருப்பானா?

"அதான். எண்ணமாட்டான். வலியில வாய்க்கு இன்னா வருதோ அதைத்தான் தட்டுவான். நாம அங்க போய் நிக்கணும்" என்பாள்.

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். லாட்ஜ், டிராவல்ஸ், கல்யாண மண்டபம், சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலை என்று சின்ன முதலாளிகளுக்கு இணையதளம் செய்து தருவது தொழில். எங்கள் முதலாளி சுரேஷ்பாபு. நான் படம் எடுத்துத் திருத்துவேன், கன்னிகா பெயர் வைப்பாள். ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் ஒவ்வொரு படக் கோப்பின் பெயரும் அவள் கையால்தான். கேமரா கொடுத்த வெறும் எண்ணோடு படத்தை ஏற்றினால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நம்பரைப் போட்டு யாரு தேடுவாங்க? தேடுற மெஷினுக்குக் கண்ணு கிடையாது. படத்துல யாரு இருக்காங்க, இன்னா செய்றாங்க, எந்த ஊரு, எல்லாத்தையும் பேருலயே சொல்லணும். நடுநடுவுல சின்னக் கோடு போடணும், அவ்ளோதான்."

அவள் தமிழ்நாட்டு எல்லையோரத்து நகரிக்காரி. நைனா என்று அவள் சொல்லும் அப்பா பவர்லூம் ஓட்டுகிறார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஒரே சொல்லை இந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டு பாஷையிலும் எப்படிச் சொல்வார்கள், அதை ஆங்கில எழுத்தில் எப்படிக் குதறுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கை பட்ட தளம் தேடலில் மேலே ஏறிவிடும். சுரேஷ்பாபு அதை ஒருநாளும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. மனுஷனுக்குப் பாராட்டு என்றால் பல்வலி.

வார நாட்களில் கன்னிகா ஷோபா என்பவர் நடத்தும் பெண்கள் விடுதியில் தங்குவாள். ஷோபாவுக்குத் திருப்பதியில் ஒரு விடுதி, சித்தூரில் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஓர் இணையதளம் வேண்டுமென்று கன்னிகா மூலமாகத்தான் எங்களிடம் வந்தார்.

திருப்பதி விடுதியில் சமைப்பவர் கிருஷ்ணம்மா. நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். விடுதிப் பெண்கள் ஆன்ட்டி என்பார்கள், ஷோபா கிருஷ்ணம்மா என்பார். கன்னிகா மட்டும் "கிஷ்டம்மாக்கா" என்பாள். நகரிப் பக்கத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் முழுசாக வராது. அவரும் அந்தப் பக்கம்தான் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

படம் எடுக்கப் போன அன்று கிருஷ்ணம்மா அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கினார். "மூஞ்சி வேணாம்மா. கையை மட்டும் புடிச்சிக்கோ" என்றார். கூச்சம் என்று நினைத்தோம். தோசைக்கல்லையும் கரண்டி பிடித்த கையையும் மட்டும் எடுத்தேன். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தீத்தழும்பு இருந்தது. சமையல்காரர் கையில் அது இல்லாமலா என்று பெரிதாக நினைக்காமல், படத்தில் அதை அழித்தேன். முகம் ஓரத்தில்கூட இல்லை.

கன்னிகா அந்தப் படத்துக்கு முதலில் கிருஷ்ணம்மா என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தாள். பிறகு அழித்தாள். "இப்டி வெச்சா ஊர்ப்பட்ட கிருஷ்ணம்மா வந்து நிப்பாங்க. நம்ம அக்கா எங்க தெரிவாங்க?" என்றாள். காதில் விழுகிறபடியே எழுதினாள்: கிஷ்டம்மா, கோடு, நகரி, கோடு, சமையல், கோடு, திருப்பதி, கோடு, லேடீஸ், கோடு, ஹாஸ்டல். பக்கத்தின் முகவரிக்கும் அதே பெயர். சில நாள் கழித்துத் தேடிப் பார்த்தோம். முதல் வரியிலேயே வந்து நின்றது. கன்னிகா கையைத் தட்டிச் சிரித்தாள்.

படத்துக்கும் ஒரு பெயர் இருக்கும் என்பது கிருஷ்ணம்மாவுக்கு எப்படித் தெரியும்? முகத்தை மறைத்தால் போதும் என்று அந்த அம்மாள் நம்பிவிட்டார்.

தளத்துக்குள் ஒரு தேடல் பெட்டி வைத்திருந்தோம். அதில் வருகிறவர்கள் தட்டும் சொற்கள் கன்னிகாவின் மெயிலுக்கு வரும். ரூம் வாடகை, ஏசி, சாப்பாடு என்று வழக்கமான சொற்கள்தான். ஒருநாள் "கிஷ்டம்மா" என்று வந்தது. "பாத்தியா, என் ஸ்பெல்லிங்லயே தேடுறாங்க!" என்று எனக்குக் காட்டினாள். மறுநாள் "கிஷ்டம்மா போட்டோ". அதற்கடுத்து "கிஷ்டம்மா போன் நம்பர்". ஊர்க்காரர் யாரோ சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

பிறகு "சமையல்காரி லீவு நாள்" என்று வந்தது. கன்னிகா சிரிக்கவில்லை. அதே நாள் சாயங்காலம் "ஹாஸ்டல் பின்பக்கம் வழி" என்று வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விடுதிச் சமையலறையில் என்ன நடந்தது என்பதை அவள் வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். கிருஷ்ணம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாராம்.

"அக்கா, உன்னைக் கிஷ்டம்மான்னு கூப்பிடுறது யாரு?"

"நீதான் கூப்புடுற. ஏன்?"

"நான் இல்லாம?"

கத்தி நின்றது. "ரமணா" என்றார். கிருஷ்ணம்மாவின் புருஷன். கொதிக்கிற எண்ணெயை ஊற்றியவன். தூங்கும்போது தலைமேல் உலக்கையோடு நின்றவன். அவனுக்குத் தெரியாமல்தான் ஓடி வந்திருக்கிறார். "கண்டுபுடிச்சா உயிரோட வுடமாட்டேன்னு சொல்லிக்கினே இருப்பான். இன்னா ஆச்சி, சொல்லும்மே?"

கன்னிகா எல்லாவற்றையும் சொன்னாள். படத்துக்குப் பெயர் இருப்பதை விளக்கத்தான் நேரம் ஆனதாம். கிருஷ்ணம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. "ஷோபா மேடத்துக்குச் சொல்லாதம்மா, வம்புன்னு என்னை அனுப்பிடுவாங்க. யாருக்கும் சொல்லாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாவி மனுஷி, கன்னிகா யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கன்னிகா அன்றே அந்தப் பக்கத்தையும் படத்தையும் அடியோடு நீக்கினாள். சித்தூர் விடுதிக்குச் சமைக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஷோபா புலம்பிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று. கிருஷ்ணம்மா அந்த வாரமே சித்தூருக்குப் போனார். பெட்டியில் அந்தப் பெயர் அதன்பின் வரவில்லை. கன்னிகா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள், என்னோடு சண்டை போடவும் ஆரம்பித்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு முகவரியைச் சாகவிடக் கூடாது. பழைய முகவரிக்கு வருகிறவன் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போகாமல், அவன் தேடிய பொருள் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே தானாகக் கொண்டுபோய் விட வேண்டும். கன்னிகா எனக்குச் சொல்லித் தந்ததே அதுதான். இந்த ஒரு முகவரியை மட்டும் அவள் வேண்டுமென்றே சாகவிட்டாள். ஏனென்று சுரேஷ்பாபுவுக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான், கன்னிகா மெயிலைத் திறந்தாள். "கிஷ்டம்மா". திருப்பதிப் பக்கத்திலிருந்து இல்லை, சித்தூர் விடுதியின் பக்கத்திலிருந்து. பெட்டியில் தட்டிய நேரம் காலை. கன்னிகா பழைய முகவரியைத் தன் போனில் தட்டினாள். வெறும் பக்கம் வரவில்லை. சித்தூர் விடுதி வந்தது, மேப்போடு, தெருவோடு.

"சார், இதை யாரு மாத்துனது?"

"நேனே, நான்தான்" என்றார் சுரேஷ்பாபு, தன் தெலுங்கு கலந்த தமிழில், பெருமையாக. "நீ சனிக்கிழமை லீவு கதா. ரிப்போர்ட்ல ரெட்டா காட்டுச்சு, பேஜ் சச்சிப்போயிந்தி, செத்துப்போச்சுன்னு. ஷோபா மேடத்துக்குப் போன் பண்ணி, அந்த நகரி சமையல் இப்ப எக்கட, எங்கன்னு கேட்டேன். சித்தூருன்னாங்க. பழைய அட்ரஸ்லேர்ந்து அங்க லிங்க் கொடுத்துட்டேன். நீ செய்ய வேண்டிய வேலைம்மா இது."

கன்னிகா சித்தூர் விடுதிக்குப் போன் போட்டாள். இரண்டு தரம் நம்பர் தப்பாகப் போயிற்று. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். வரவேற்பில் இருக்கும் ஹரிதா எடுத்தாள்.

"ஹரிதா, கிஷ்டம்மாக்கா எங்க?"

"சமையல்கட்டுலதாங்க்கா. அவங்க வூட்டுக்காரர் வந்துக்கிறாரு. பாவம், பஸ் புடிச்சி, விசாரிச்சிக்கினே வந்தாராம். நான்தான் உள்ள கூட்டிக்கினு போய் காட்டுனேன்."

"ஹரிதா, ஓடு. அந்த ஆளை வெளில அனுப்பு. வாட்ச்மேனைக் கூப்புடு, கத்து!"

"ஏங்க்கா? பேசிக்கினுதான் இருக்காங்க" என்றாள் ஹரிதா. செருப்புச் சத்தம் கேட்டது, நடந்து போய்ப் பார்க்கிறாள். "அய்யோ அக்கா, கதவை உள்ள தாப்பா போட்டுக்கினாரு."