ஆடிக்கு மாமனார் ஊருக்கு எடுத்துப் போன மூன்று புத்தகங்கள்

மதராஸ் என்று இருந்த மாநிலம் தமிழ்நாடு ஆன வருடம் அது. நிலாவில் மனிதன் இறங்கிவிட்டான் என்று பேப்பரில் வந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். அருப்புக்கோட்டையில் நான் மூட்டை தூக்கிய மிளகாய் வத்தல் மண்டியில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. அந்த ஆடியில்தான் மண்டியில் முதல்முதலாக லீவு கேட்டு ஐந்து நாள் ஊருக்குப் போனேன். லீவுக்குப் போகும்போது என்ன புத்தகம் எடுத்துப் போகலாம் என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மகன் தட்டச்சு செய்கிறான்.

கல்யாணமாகி மூன்று மாதம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி மாமனார் வந்து பேச்சியம்மாளை அழைத்துப் போய்விட்டார். ஆடிப் பதினெட்டுக்கு நான் போய்ச் சேர வேண்டும். பேச்சி எட்டாவது படித்தவள். கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள்: "ஒங்க முதலாளி வீட்ல இருக்கிற தொடர்கதை மூணு பாகத்தையும் கொண்டாந்துருங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்."

அந்தக் காலத்தில் பத்திரிகையில் வாரம் ஒன்றாக வரும் கதையைக் கிழித்துச் சேர்த்துவைத்துப் புத்தகமாகப் பைண்டு செய்துகொள்வார்கள். முதலாளி வீட்டு அலமாரியில் அப்படி இருபது முப்பது இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காக்கி அட்டை. "தெரியுமாப்பா, எடுத்துத் தரணுமா?" என்று முதலாளியம்மா கேட்டார்கள். "தெரியும்மா" என்றேன்.

வீம்பில்லை. அந்தக் கதை எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் கணக்குப்பிள்ளை உரக்க வாசிப்பார். நாங்கள் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்போம். ஒன்றரை வருடம், ஒரு வாரம் தவறாமல். படங்களும் எனக்கு அத்துபடி. கிணற்றடிப் படம் முதல் பாகம். கடைசியில் கல்யாணப் படம் இருந்தால் மூன்றாம் பாகம். நடுப் பாகத்துக்கு அடையாளம் அதே கதாநாயகி, அதே மூக்குத்தி, அதே கண். எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

காலை ஆறே முக்காலுக்கு வீரசோழன் ஊருக்குப் போகிற பஸ். திருச்சுழிக்கு ஒன்பது மைல், முப்பத்தைந்து பைசா. கண்டக்டர் பழக்கமானவர். "ஏலே, பொட்டி இந்தக் கனம் கனக்கு. மாமனார் வீட்டுக்கு வத்தலா?" என்றார். புத்தகம் என்றேன். "நீயி? புத்தகம்?" என்று டிரைவர் வரைக்கும் சொல்லிச் சிரித்தார். ஏழரைக்குத் திருச்சுழி. அங்கே டீ குடித்துவிட்டு, காய்ந்து கிடந்த குண்டாற்று மணலைக் கடந்து, கருவேலங்காட்டு வழியாக நாலு மைல் நடை. ஆடிக் காற்று எதிரே அடித்ததில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

மாமனார் வீட்டில் எனக்கு ஒரு கண்டம் உண்டு. சகலை சங்கிலி. பேச்சியின் அக்காள் புருஷன், பத்தாவது வரை படித்தவர். எட்டாவது படித்த பெண்ணைக் கைநாட்டுக்குக் கொடுப்பது குடும்பத்துக்கே தலைகுனிவு என்று பெண் பார்த்த அன்றே சொன்னவர். அதனால் நான் புத்தகத்தோடு வந்து இறங்கியதில் பேச்சிக்கு ஒரே பெருமை. முதல் பாகத்தை இரண்டு மத்தியானத்தில் வாசித்து முடித்தாள். வேப்பமரத்து நிழலில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

மூன்றாம் நாள் நடுப் புத்தகத்தைத் திறந்தவள் முகம் மாறியது. "இது வேற கதைல்லா?"

சகலை வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படத்தப் பாத்து எடுத்தீகளோ தம்பி? இந்தப் படக்காரரு எல்லாக் கதைக்கும் ஒரே பொம்பளையத்தான் வரைவாரு. மாமா, ஒம்ம மருமகன் லட்சணத்தப் பாத்தீகளா?"

பேச்சி தலையைத் தூக்கவில்லை. எனக்கு வந்த அவமானத்தைவிட அது பெரிதாக இருந்தது. "புத்தகம் எதுக்கு? ரெண்டாம் பாகம் பூராம் நான் சொல்லுதேன்" என்றேன்.

சொன்னேன். அன்று மத்தியானமும் மறுநாள் காலையும், கணக்குப்பிள்ளை வாசித்த வாக்கியம் வாக்கியமாக. சகலைகூடச் சிரிப்பை விட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடியே கேட்டார். கதையில் ஒரு வண்டிக்காரன், வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தான் செத்துப்போவான். அந்த இடம் வந்ததும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நாற்பது வருடம் பருத்தி வண்டி ஓட்டியவர். "அவனுக்கு ஒண்ணும் ஆகலையே மாப்ளே?" என்றார்.

"ஆகல மாமா. கரையேறிட்டான்" என்று வாய் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. மூன்றாம் பாகம் தொடங்குவதே அவன் பொண்டாட்டி வெள்ளைச் சேலையோடு வந்து நிற்பதில்தான். பேச்சியிடம் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி சுற்றிலும் ஆள். அன்று மத்தியானம் அவள் மூன்றாம் பாகத்தைப் பிரித்தாள். நாலு வரி வாசித்தாள். நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வண்டிக்காரன் பொண்டாட்டி மஞ்சச் சேலை கட்டி, புருசனுக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டு வந்தா" என்று வாசித்தாள். அப்படி ஒரு வரி அந்தக் கதையில் கிடையாது.

சகலை கையை நீட்டினார். "ஒனக்குத் தொண்ட கம்முது, குடு புள்ள, நான் வாசிக்கேன்."

"நீங்க வாசிச்சா மாடுகூடத் தூங்கிரும் அத்தான். வெத்தலயப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். புத்தகம் அவள் மடியை விட்டு நகரவே இல்லை. மாமனார் வண்டிக்காரனின் நல்ல நேரத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சகலை மட்டும், "கைநாட்டா இருந்தாலும் ஆளு கெட்டி" என்றார்.

நான் திரும்பும் அன்று பேச்சி ஆற்றுமணல் வரை கூட வந்தாள். "மூணு எடத்துல அந்தப் பொம்பள அழுகுறா. மாத்தி மாத்தி வாசிக்கதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டுபோச்சு. இனிமே யாரையும் பொழைக்க வச்சீகன்னா முன்னாடியே சொல்லிருங்க."

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆடிக் காற்றைத் தவிர்த்துத் தையில் போங்கள். திருச்சுழிக்கு இப்போது பஸ் நிறைய உண்டு. பாகம் பாகமான கதையானால் முதல் வரியை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள்; படத்தை நம்பாதீர்கள். தனியாக வாசிக்கும் புத்தகம் ஒன்று போதும். வீடே உட்கார்ந்து கேட்கிற புத்தகமாக ஒன்று கட்டாயம் வேண்டும்.

மாமனார் அந்த வண்டிக்காரன் பிழைத்தான் என்ற நம்பிக்கையோடுதான் கண்ணை மூடினார். சகலை போன தையில் போனார். அவருக்கும் கடைசி வரை தெரியாது. வேப்பமரத்தடியில் கேட்டவர்களில் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். என்னைத் தவிர இன்று மிச்சம் இருப்பது, வண்டிக்காரன் செத்தது தெரிந்தும் சொல்லாத ஒருத்திதான். பேச்சியம்மாள்.