கல்வெட்டும் அப்பாவின் உரைகல்லும்

கவிதை வாசிக்கும்போது அப்பா மூக்கால் விடுகிற நீண்ட மூச்சுச் சத்தம்தான் சிறுவயதில் நான் மிகவும் பயந்த சத்தம். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய டீட்டிகோன் நகர வீட்டில், சரக்குக் களஞ்சிய வேலை முடிந்து வந்தவர் தேத்தண்ணியோடு என் பள்ளிக்கூடக் கவிதையைக் கையில் எடுத்தால் நான் கதவோரம் போய் நின்றுகொள்வேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படித்த அவர், விக்டோரியா மகாராணி காலத்துக் கவிஞர் ஒருவர் விமர்சகராகிச் சொன்ன யோசனையை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்: பெருங்கவிகளின் சில வரிகளை மனதில் உரைகல்லாக வைத்து மற்ற எதையும் அதில் உரசிப் பார்க்க வேண்டும், எழுதியவர் நமக்கு வேண்டியவரா என்று பார்க்கக் கூடாது. உரசி முடிந்ததும் "இது நிக்காது" என்பார். பத்து வயதுப் பிள்ளைக்கும் அதே தீர்ப்புத்தான்.

ஒரு பனிக்காலத்தில் மேல்மாடி யோகம் அன்ரியின் கணவர் திடீரென்று இறந்துபோனார். எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாளில் "கல்வெட்டு" என்று ஒரு நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். மனைவி, தாய், பிள்ளைகள் என்று ஒவ்வொருவர் பெயரிலும் அதில் புலம்பல் பாட்டு இருக்கும். அன்ரி எல்லாவற்றையும் தானே எழுதி அப்பாவிடம் கொண்டுவந்தார். அம்மா துப்புரவு வேலையால் வரும்வரை என்னைத் தினமும் வைத்துப் பார்த்தவர் அவர்தான். அப்பா ஏதும் சொல்லி அவர் மனம் நொந்தால் அந்தக் கதவு இனி எனக்குத் திறக்குமா என்று நினைத்தபடி மேசையோரம் நின்றேன்.

அப்பா வாசித்து முடித்து, கணவரின் காலணியைப் பற்றி மனைவி பேரில் எழுதியிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'உங்கட சப்பாத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை.' இந்த வரி நிக்கும், தங்கச்சி. மற்றதெல்லாம் எல்லாக் கல்வெட்டிலையும் வாறதுதான். எடுத்துவிடுங்கோ."

அன்ரி அழவில்லை.

"மாமி பேரிலை எழுதினதையுமோ? மகன்ரை முகத்தைப் பாக்க வர அவவுக்கு விசா குடுக்கேல்லை, அண்ணை. அது அவ அழுறதுக்கு எழுதினது. நான் எழுத்துப்பிழை பாக்கத்தான் கொண்டுவந்தனான்."

ஒன்றையும் வெட்டாமல் அச்சடித்தார்கள். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் அன்ரி அந்தப் புலம்பலை ஊரிலிருந்த மாமிக்குத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு வாசித்தார். ஆலமரம் சாய்ந்தது, விளக்கு அணைந்தது என்று எவரும் எழுதுகிற, அப்பா எடுத்துவிடச் சொன்ன வரிகள்தான். அதைக் கேட்டு அந்தத் தாய் அங்கே வைத்த ஓலம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்துபோயிருந்தார். அப்பா பயந்து நான் அதுவரை கண்டதில்லை.

இப்போது கல்வெட்டு அச்சடிப்பவர்கள் குறைவு. ஒரு படமும் இரண்டு வரியும் கைபேசியில் வந்து சேர்கின்றன. ஓய்வுபெற்ற அப்பாவிடம் நான் எழுதும் எதைக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கு, பிள்ளை" என்கிறார். நன்றாக வந்ததற்கும் அதுதான், வராததற்கும் அதுதான். உண்மையாகச் சொல்கிறாரா, என்மேல் இரக்கப்படுகிறாரா என்று கேட்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.